அச்சு ஒன்று, ஆள் வேறு

உருமாறும் ரோபோ பொம்மைகளைச் சேர்ப்பவர்கள் மத்தியில் வேதவாக்காகவே ஆகிவிட்ட ஒரு தீர்ப்பு உண்டு. ஏற்கெனவே வந்த அச்சிலேயே வேறு நிறத்தில், வேறு பெயரில் ஒரு பொம்மை வந்தால், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுவார்கள்: "அதே மோல்டு, கலர் மட்டும் வேற." அத்துடன் பேச்சு முடிந்தது. நிறுவனத்துக்குச் சோம்பல், வாங்குகிறவனுக்கு ஏமாளிப் பட்டம், அலமாரியில் இடம் தண்டம். ரீபெயிண்ட் என்ற சொல்லே சேகரிப்பாளர்கள் வாயில் பாதி வசவாகிவிட்டது.

இந்தத் தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். சாதாரணச் சிலைப் பொம்மை போன்றதல்ல இது. கையில் எடுத்து மடக்கி, திருப்பி, பூட்டி விளையாடும் இயந்திரம். காரின் கதவு எப்படி இறக்கையாகிறது, லாரியின் முகப்பு எப்படி மார்பாகிறது என்பதில்தான் இதன் அழகும் அறிவும் இருக்கின்றன. அந்த அறிவு முழுவதும் அச்சில் இருக்கிறது. அதே அச்சில் வந்த இரண்டாவது பொம்மை விரல்களுக்குப் புதிதாக எதையும் கற்றுத்தருவதில்லை. ஆகவே மதிப்பு அச்சுக்கே, நிறம் மேற்பூச்சு. இது முட்டாள்தனமான வாதமல்ல. நல்ல மூளைக்காரர்கள் இதை நம்புகிறார்கள் என்பதாலேயே மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில், இதைச் சொல்கிறவர்களே இதை நம்புவதில்லை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் ரம்பிள், ஃப்ரென்ஸி என்று இரண்டு குட்டி ரோபோக்கள் உண்டு. இரண்டும் மைக்ரோ கேசட்டாக மடங்கி, டேப் ரெக்கார்டராக உருமாறும் சவுண்ட்வேவின் மார்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 1984-இல் கடைக்கு வந்த பொம்மைகளில் ரம்பிள் சிவப்பு, ஃப்ரென்ஸி நீலம். அதே ஆண்டு தொடங்கிய கார்ட்டூனில் நிறம் இடம் மாறிவிட்டது: ரம்பிள் நீலம், ஃப்ரென்ஸி சிவப்பு. அச்சில் மயிரிழை வித்தியாசம் கிடையாது. நிறம் வெறும் மேற்பூச்சு என்றால் இதில் சண்டை போட என்ன இருக்கிறது? ஆனால் யார் சிவப்பு, யார் நீலம் என்று நாற்பது ஆண்டுகளாக ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ரீபெயிண்ட் என்றால் முகம் சுளிக்கிறவரிடம் ஃப்ரென்ஸி நீலம் என்று சொல்லிப் பாருங்கள். அன்று மாலை உங்களுக்கு வேறு வேலை இருக்காது.

இன்னொரு சான்று. வயது வந்த சேகரிப்பாளர்களுக்காக டகாரா டோமி வெளியிடும் மாஸ்டர்பீஸ் வரிசையில் மூன்றாம் எண்ணாக, போர்விமானமாக உருமாறும் ஸ்டார்ஸ்க்ரீம் வந்தது. மேக்ராஸ் அனிமே புகழ் வடிவமைப்பாளர் ஷோஜி கவாமோரி அதில் கைவைத்திருந்தார். நிஜப் போர்விமானத்தின் சாயல் வேண்டும் என்று உடலுக்குப் பச்சை கலந்த சாம்பல் நிறம் கொடுத்தார்கள். வந்த எதிர்ப்பில் பெரும்பங்கு அந்தச் சாம்பலைப் பற்றியது. இது ஸ்டார்ஸ்க்ரீமே அல்ல என்றார்கள். அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ அதைப் பழைய பொம்மையின் நிறத்துக்கு மாற்றி விற்றது. சில ஆண்டுகள் கழித்துப் பதினொன்றாம் எண்ணில் கார்ட்டூன் நிறத்தோடு திருத்திய வடிவம் வந்தபோதுதான் பலருக்கு மனம் ஆறியது. சாம்பலில் இரண்டு சொட்டுப் பச்சை விழுந்ததற்காகப் பொறியியல் அற்புதம் ஒன்றைப் புறந்தள்ளுகிற கூட்டம், முழு உடலும் நீலமாக மாறி வரும்போது மட்டும் எதுவுமே மாறவில்லை என்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

இனி வரலாறு. ரீபெயிண்ட்டை நல்ல பரம்பரைக்கு வந்த களங்கம்போலப் பேசுகிறார்கள். பரம்பரையே அதுதான். டகாரா 1980-இல் ஜப்பானில் தொடங்கிய டயாக்ளோன் வரிசையில் ரோபோக்களுக்கு உயிரும் கிடையாது, குணமும் கிடையாது. குட்டி மனித பொம்மை ஏறி ஓட்டும் வாகனங்கள் அவை. ஓட்டுபவன்தான் கதாபாத்திரம் என்பதால் வாகனத்தின் நிறம் வெறும் தெரிவாக இருந்தது. ஒரே கார் போலீஸ் வண்டியாகவும் வரும், பந்தய வண்டியாகவும் வரும். ஹாஸ்ப்ரோ இவற்றையும் டகாராவின் மைக்ரோ சேஞ்ச் பொம்மைகளையும் எடுத்து, 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் இறக்கியது. மனித ஓட்டுநர்களைக் கழித்துவிட்டு, ரோபோக்களே உயிருள்ளவை என்று கதையை மாற்றியது. கதைக்கு மார்வெல் காமிக்ஸை நாடினார்கள். நாயகனுக்கு ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயர் அங்கிருந்த டென்னி ஓ'நீல் தந்தது. மற்ற பெரும்பாலான பெயர்களும், பெட்டியின் பின்புறம் அச்சான குணச்சித்திரங்களும் பாப் புடியான்ஸ்கி என்ற ஆசிரியரின் வேலை.

புடியான்ஸ்கி செய்ததை ஒரு நிமிடம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எஃப்-15 போர்விமானமாக உருமாறும் ஒரே அச்சு. சாம்பலும் சிவப்பும் கலந்த ஒன்று, நீலம் ஒன்று, கருப்பும் ஊதாவும் கலந்த ஒன்று. சாம்பல் நிறத்தவனை ஸ்டார்ஸ்க்ரீம் என்று அழைத்து, தலைவனைக் கவிழ்த்துவிட்டு நாற்காலியில் ஏறத் துடிக்கும் துரோகி ஆக்கினார். நீல நிறத்தவன் தண்டர்கிராக்கர். பறக்க முடியாதவர்களைக் கேவலமாக நினைக்கிறவன், ஆனால் தான் போரிடும் பக்கம் நியாயமானதுதானா என்ற சந்தேகம் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். கருப்பன் ஸ்கைவார்ப்; இருந்த இடத்திலிருந்து மறைந்து வேறிடத்தில் தோன்றக்கூடியவன், கூட இருப்பவர்களையே பின்னாலிருந்து தள்ளிவிட்டுச் சிரிக்கிற அற்பன். பேராசை, மனச்சாட்சி, குசும்பு. மூன்றையும் பிரிப்பதற்கு அவர் கையில் இருந்தது நிறம் மட்டும். அந்த மூவரும் இன்றைக்கும் மூன்று தனி ஆட்களாக நிற்கிறார்கள் என்றால், நிறம் ஏதோ ஒரு வேலையைச் செய்திருக்கிறது.

விமானங்களோடு நிற்கவில்லை. அந்த முதல் ஆண்டில் வந்த ஆட்டோபாட் கார்கள், அதாவது நல்லவர் அணியின் கார்கள், 11. அவற்றில் நான்கு, இரண்டு ஜோடிகள். நிஸான் வேனாக மாறும் அயர்ன்ஹைடும் ராட்செட்டும் ஒரே அச்சு. சிவப்பு வேன் கிழட்டுப் போர்வீரன், வெள்ளை ஆம்புலன்ஸ் மருத்துவன். (அந்த அச்சில் ரோபோவுக்குத் தலை என்று சொல்லும்படி ஒன்று இல்லை, இருக்கையில் ஒட்டிய முகம்தான். அதைப் பார்த்தபின் யாரும் அச்சின் மகிமையைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம்.) டாட்ஸன் ஃபேர்லேடி காராக மாறும் ப்ரௌலும் புளூஸ்ட்ரீக்கும் அடுத்த ஜோடி. அடுத்த ஆண்டு அதே அச்சில் 38 என்ற எண்ணோடு பந்தயக் கார் வண்ணத்தில் ஸ்மோக்ஸ்க்ரீன் வந்தான். ப்ரௌல் தர்க்கம் தப்பாத போலீஸ். புளூஸ்ட்ரீக் ஓயாமல் பேசுகிறவன், அந்தப் பேச்சுக்கு அடியில் அழிந்துபோன தன் ஊரின் நினைவு. ஸ்மோக்ஸ்க்ரீன் திசைதிருப்பும் கலையில் கைதேர்ந்தவன். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. புளூஸ்ட்ரீக்கின் பெட்டி ஓவியத்தில் அவன் நீலம், உள்ளே இருக்கும் பொம்மை வெள்ளி. அந்த நீலப் பொம்மையைத் தேடி அலைந்த சேகரிப்பாளர்களின் கதைகள் தனிப் புராணம். அச்சு கையில் இருக்கிறது, நிறம் மட்டும்தான் இல்லை, அதற்காக அலைகிறார்கள்.

இதற்குப் பதிலாகச் சொல்வது என்ன என்று தெரியும்: அதெல்லாம் அந்தக் காலம், அவர்கள் தொடக்கத்திலிருந்தே கதாபாத்திரங்கள், இப்போது வருபவை வியாபாரத்துக்காகப் பின்னால் ஒட்டவைத்தவை. வரிசையைக் கவனியுங்கள். நிறம் முதலில் வந்தது, அச்சு ஏற்கெனவே ஜப்பானில் விற்றுக்கொண்டிருந்தது, பெயரும் குணமும் கடைசியில் வந்தன. ஒட்டவைத்தது என்பது குற்றம் என்றால் ஸ்டார்ஸ்க்ரீமும் அதே குற்றவாளிதான். அல்ட்ரா மேக்னஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-இல் வந்த திரைப்படத்தில் ஆப்டிமஸ் இறக்கும் தருவாயில் தலைமையை ஒப்படைப்பது இவனிடம். பொம்மையின் வெளிக்கவசத்தைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஆப்டிமஸின் அதே லாரி, வெள்ளை நிறத்தில். ஆப்டிமஸின் வாரிசே ஆப்டிமஸின் ரீபெயிண்ட். அவனை யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்லக் கேட்டதில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்குக் கதகளியைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். பச்சை முகம் அரங்குக்கு வந்தால் நாயகன், சிவப்புத் தாடி வந்தால் கொடியவன்; இரண்டுக்குள்ளும் ஒரே நடிகர்கூட இருக்கலாம். உருமாறும் ரோபோவில் இதற்குக் கூடுதல் காரணமும் இருக்கிறது. இந்தப் பொம்மைக்கு நிலையான உருவம் கிடையாது. இப்போது லாரி, ஒரு நிமிடம் கழித்து மனித வடிவம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு கோடுகூட இருக்காது. இரண்டும் ஒரே ஆள் என்று கண் எதை வைத்து ஒத்துக்கொள்கிறது? சிவப்பு முகப்பும் நீலக் கால்களும். உருவம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பண்டத்தில் மாறாமல் நிற்பது நிறம் ஒன்றுதான். அதைப் போய் மேற்பூச்சு என்பது விஷயத்தைத் தலைகீழாகப் பிடிப்பது.

மேற்பூச்சு என்பது தொழில்நுட்ப ரீதியாகவும் பெரும்பாலும் பிழை. இந்தப் பொம்மைகளில் நாம் பார்க்கும் நிறத்தில் பெரும்பகுதி பெயிண்ட் அல்ல, பிளாஸ்டிக்கிலேயே கலந்தது. உருகிய பிளாஸ்டிக்கோடு நிறமி சேர்ந்து எஃகு அச்சுக்குள் அழுத்தப்படுகிறது. முகம், விளக்கு, சின்னம் போன்ற சில இடங்களில்தான் ஸ்ப்ரே அல்லது டாம்போ அச்சு ஏறும். நிறம் உள்ளே வரை போகிறது என்றால், நிறம் மாறும்போது பொருளும் சற்று மாறுகிறது. நிறமிக்கு ஏற்பப் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குவதில் சிறு வேறுபாடு வரும். ஒரே அச்சில் வந்த இரண்டு பொம்மைகளில் ஒன்றின் தோள் இறுக்கமாகவும் மற்றதன் தோள் தொளதொளவென்றும் இருப்பதற்கு அச்சின் தேய்மானம் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்கு மாறினால் கதை இன்னும் வேறு. அதே மூட்டு, அதே ஆணி, ஆனால் விரிசல் விடும் அபாயம் கூடிவிடும். 'அதே மோல்டு' என்று கண்ணை மூடிக்கொண்டு வேகமாக மடக்கியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

இதன் உச்சம் பிளாக் ஸராக். 1987-இல் வந்த ஸ்கார்ப்பொனாக் என்ற பெரிய தேள் ரோபோவின் அச்சு, அடுத்த ஆண்டு ஜப்பானில் கருப்பும் பொன்னுமாக இந்தப் பெயரில் வந்தது. பொன் மினுமினுப்புக்காகத் துகள் கலந்த அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்குக்கு ஒரு சாபம் உண்டு: ஆண்டுகள் போகப்போக உள்ளுக்குள்ளேயே வலுவிழந்து, தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிரும். சேகரிப்பாளர்கள் அதற்கு கோல்டு பிளாஸ்டிக் சிண்ட்ரோம் என்று நோய்ப் பெயரே வைத்திருக்கிறார்கள். மூத்தவன் ஸ்கார்ப்பொனாக்கைத் தைரியமாக மடக்கி விரிக்கலாம். பிளாக் ஸராக்கை வைத்திருப்பவர் அதன் பொன் பாகங்களில் கைவைக்க அஞ்சுகிறார். ஒரே அச்சு, ஒன்று பொம்மை, மற்றது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டிய நோயாளி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நிறம் மட்டும் என்று சொன்னால், அந்த 'மட்டும்' எவ்வளவு கனமானது என்று பாருங்கள்.

வெள்ளையின் விதி இன்னொன்று. பழைய வெள்ளைப் பிளாஸ்டிக் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் மஞ்சளாகும். 1985-இன் ஜெட்ஃபயர் இதற்குப் பெயர்போனவன். லம்போர்கினி கவுன்டாக்காக மாறும் சிவப்பு சைட்ஸ்வைப்பும் அதே அச்சில் வெள்ளை அதிகமாக வந்த ரெட் அலர்ட்டும் ஒரே அலமாரியில் இருபது வருடம் நின்றால், சிவப்பு அண்ணன் இளமையாக இருப்பான், வெள்ளைத் தம்பிக்கு வயது தெரியும். பழைய பொம்மையை வாங்கும்போது நிலை எப்படி என்று கேட்கிற எவரும், தெரிந்தோ தெரியாமலோ, ரீபெயிண்ட்டை வேறு பொம்மையாகத்தான் மதிப்பிடுகிறார்.

கண்ணுக்கு வருவோம். அச்சின் வடிவத்தை நாம் நேரடியாகப் பார்ப்பதில்லை. அதன் மேல் விழும் ஒளியையும் நிழலையும் பார்க்கிறோம். வெளிர் நிறத்தில் ஒவ்வொரு இடுக்கும் கோடாகத் தெரியும், பலகைகள் சரியாகப் பொருந்தாத இடமும் தெரியும். கருப்பு அதையெல்லாம் விழுங்கிவிடும். கூடவே செதுக்கிய நுணுக்கங்களையும் விழுங்கும். ஒரு அச்சு நன்றாகச் செதுக்கப்பட்டதா என்று தெரிந்துகொள்ள விரும்பினால் அதன் சாம்பல் பதிப்பைப் பார்க்க வேண்டும். சுமாரான அச்சைக் காப்பாற்ற வேண்டுமா, அதற்கு அடர் நீலம் போதும். தண்டர்கிராக்கரைப் பார்த்தபின் ஸ்டார்ஸ்க்ரீமில் கவனிக்காத ஒரு கோட்டைக் கவனித்த அனுபவம் இல்லாதவர் இரண்டையும் அருகருகே வைத்து உண்மையில் பார்க்கவில்லை என்பேன். முதல் வாதம் விரல்களைப் பற்றியது: இரண்டாவது பொம்மை விரல்களுக்கு எதையும் கற்றுத்தருவதில்லை. சரி. ஆனால் வாங்கிய பொம்மை விரலில் இருக்கும் நேரத்தைவிடக் கண்முன் நிற்கும் நேரம்தான் அதிகம். வருடத்தில் சில தடவை மடக்குகிறோம், தினமும் பார்க்கிறோம்.

நிறத்தால் எல்லாம் முடியும் என்றும் நான் சொல்லவில்லை. 1996-இல் தொடங்கிய பீஸ்ட் வார்ஸ் இதற்கு இரண்டு பக்கமும் சாட்சி. மஞ்சள் சிறுத்தையாக மாறும் சீட்டார் துறுதுறுப்பான பையன். அதே அச்சை வெள்ளையாக்கிக் கருங்கோடு போட்டு டைகட்ரான் என்று விட்டார்கள். வான்கூவரில் உருவான அந்தக் கணினி வரைகலைத் தொடரில் புதிய உருவம் ஒன்றைக் கட்டுவது அன்று செலவு மிகுந்த, கடினமான வேலை. அங்கும் சீட்டாரின் உருவத்தையே வண்ணம் மாற்றிப் பயன்படுத்தினார்கள். வந்தவன் யார்? பனிக்காட்டில் தனியாகத் திரியும், போரை வெறுக்கும், அந்தக் கிரகத்தின் விலங்குகளையே தன் சொந்தமாக நினைக்கும் ஒரு சாந்தமான காவலன். சீட்டாரோடு குழப்பிக்கொள்ள ஒரு குழந்தைக்குக்கூட வராது. உடம்பு சிறுத்தை, ஆள் புலி; நிறம் வென்றுவிட்டது. அதே வரிசையில் பிளாக்அரக்னியா தோற்ற இடம். டராண்டுலஸ் என்ற தடித்த சிலந்தி ரோபோவின் அச்சைக் கருப்பாக்கி விற்ற பொம்மை அது. தொடரிலோ அவள் நெளிவும் நஞ்சும் கொண்ட பெண். அவளுக்கென்று வேறு உடலை வரைந்துவிட்டார்கள். திரையில் பார்த்தவளைத் தேடிக் கடைக்குப் போனவருக்குக் கிடைத்தது கருப்பு டராண்டுலஸ். அந்தப் பொம்மையை யாராவது திட்டினால் நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் திட்ட வேண்டியது அது ரீபெயிண்ட் என்பதற்காக அல்ல. நிறத்தால் தூக்க முடியாத சுமையை நிறத்தின் தலையில் வைத்ததற்காக.

இங்கேதான் சேகரிப்பாளரின் உண்மையான வேலை தொடங்குகிறது, அதைத்தான் அந்த ஒற்றைவரித் தீர்ப்பு செய்யவிடாமல் தடுக்கிறது. மோசமான ரீபெயிண்ட்கள் ஏராளம். கருப்பு அடித்து, கண்ணுக்குச் சிவப்பு வைத்து, கூடவே ஊதாவோ நீலப்பச்சையோ கொஞ்சம் தெளித்து, நாயகனின் கெட்ட நகல் என்று விற்பது ஒரு அனிச்சைச் செயலாகவே ஆகிவிட்டது. அவற்றில் பலவற்றை எந்த வருத்தமும் இல்லாமல் ஒதுக்கலாம். ஏன் மோசம் என்று சொல்ல மட்டும் அச்சு உதவாது. நிறத்தைத்தான் படிக்க வேண்டும். பாகங்கள் அச்சுக்குள் கொத்துக்கொத்தாக ஒரே சட்டத்தில் வார்க்கப்படுகின்றன. ஒரு கொத்தில் உள்ளதெல்லாம் ஒரே நிறத்தில்தான் வரும். முதல் பொம்மைக்காகப் போட்ட அந்தப் பிரிவினை, இரண்டாவது பொம்மையின் கையைக் கட்டிப்போடுகிறது. முன்கை நீலமாக வேண்டும், ஆனால் அது இடுப்புத் துண்டோடு ஒரே கொத்தில் இருக்கிறது. ஆக இடுப்பும் நீலமாகும், அல்லது பெயிண்ட் செலவாகும். கெட்டிக்கார வண்ணக்காரர் இந்தக் கட்டுக்குள் நின்று, வாகன வடிவத்தில் ஒற்றைத் தோற்றமும் ரோபோ வடிவத்தில் வேறொரு உடற்பிரிவும் தெரியும்படி செய்துவிடுவார். அலட்சியக்காரரின் கையில் காரின் கூரையில் காரணமே இல்லாமல் ஒரு வெள்ளைத் துண்டு மிதக்கும். எங்கே பிளாஸ்டிக்கை அப்படியே விட்டுப் பெயிண்ட்டை மிச்சம் பிடித்தார்கள், எந்த மூட்டைத் திருத்தினார்கள், தலையை மாற்றினார்களா, மாற்றிய தலைக்குப் பழைய கழுத்து இணங்குகிறதா, இந்த நிறம் பத்தாண்டு கழித்து என்ன ஆகும்: இவ்வளவையும் பார்க்க வேண்டியிருக்கிறது. புது அச்சைப் பார்ப்பதைவிட இது கடினமான கண். புது அச்சு தன் புதுமையைத் தானே கூவிச் சொல்லும்.

விலை என்ற எதிர்வாதத்துக்கு மட்டும் தலைவணங்குகிறேன். பழைய அச்சு, ஆனால் விலை புதியதற்கான விலை, எரிச்சல் நியாயம்தான். இந்தியாவில் இருந்து வாங்குகிறவர்களுக்கு எரிச்சல் இன்னும் அதிகம். பொம்மை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-இல் 70-க்கும் ஏறியது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் கையில் இல்லாத அச்சை வாங்குங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் என்னால் வாங்க முடியாது என்பது பணப்பையைப் பற்றிய செய்தி. பொம்மையைப் பற்றிய தீர்ப்பல்ல.

என் பக்கத்துக்கு வருகிற ஒரு வாதத்தையும் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறேன். எஃகு அச்சு செய்ய ஆகும் பெருஞ்செலவை ரீபெயிண்ட் விற்பனைதான் ஈடுகட்டுகிறது, அது இல்லாவிட்டால் நீங்கள் கொண்டாடும் சிக்கலான புது அச்சுகளே வராது என்பார்கள். உண்மைதான், ஒரு அச்சைத் திட்டமிடும்போதே அதில் இரண்டு மூன்று ஆட்களை எடுக்க முடியுமா என்று யோசித்துத்தான் வடிவமைக்கிறார்கள். ஆனால் அது நிறுவனத்தின் கணக்கு. அதன் முதலீட்டை மீட்டுக் கொடுப்பது என் கடமையல்ல. ரீபெயிண்ட்டை அதன் சொந்த அழகுக்காகத் தாங்க முடியாதவர்கள்தான் இந்தக் கணக்குப் புத்தகத்தின் பின்னால் ஒளிவார்கள்.

எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கை ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். மாநாட்டில் மட்டும் விற்றது, ஒரு கடையில் மட்டும் கிடைத்தது, எண்ணிக்கை குறைவு, ஆகவே உயர்ந்தது என்று ரீபெயிண்ட்டுகளைப் பூட்டி வைப்பவர்கள். அவர்களும் நிறத்தைப் பார்ப்பதில்லை, எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். பாட்கான் என்ற ரசிகர் மாநாட்டுக்காக 2008-இல் ஷாட்டர்ட் கிளாஸ் என்ற தலைப்பில் ஊதா ஆப்டிமஸ் வந்தான். நல்லவர்கள் கெட்டவர்களாகவும் கெட்டவர்கள் நல்லவர்களாகவும் இருக்கும் தலைகீழ் உலகத்தின் ஆப்டிமஸ். எல்லாரும் அறிந்த சிவப்பை எடுத்து எதிரிப் படையின் நிறத்தைப் பூசினால் கண் திடுக்கிடும் என்று யாரோ சரியாகக் கணித்திருக்கிறார்கள். அதன் சிறப்பு அந்தத் திடுக்கிடலில்தான், கிடைக்காததில் அல்ல.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. ரோபோ அல்ல, ஜி.ஐ. ஜோ சிப்பாய். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல், எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-இல் தொடங்கிய நிறுவனம், ஹாஸ்ப்ரோவின் அச்சுகளைக் கொண்டு அந்தச் சிப்பாய்களை இங்கே தயாரித்து விற்றது. அமெரிக்கப் பதிப்பில் இல்லாத நிறச் சேர்க்கைகள் இங்கே வந்தன. நம் ஊர்ப் பிள்ளைகள் மண்ணில் போட்டு விளையாடிய அந்தப் பொம்மைகளை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். அச்சு அவர்கள் ஊரிலேயே கிடைக்கிறது. இங்கிருந்து அவர்களுக்கு வேண்டியது நிறம் ஒன்றுதான்.

கடைசியாக, அதே மோல்டு கட்சியின் மிகத் தீவிரமான உறுப்பினர்கள்கூடச் சங்கடப்படும் ஒரு பொம்மை. 1995-இல், அப்போது ஜெனரேஷன் 2 என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்த வரிசையின் இறுதிக் கட்டத்தில், லேசர் ஆப்டிமஸ் பிரைம் வந்தான். எண்ணெய் டேங்கர் லாரி, ஒளிரும் வாள், திறந்தால் ஆயுதத் தளமாகும் பின்வண்டி. சிறந்த அச்சு, ஆனால் கடையில் அதிகம் பேர் கண்ணில் படாமலே போனது. ஐந்தாண்டுகள் கழித்து ஜப்பானில் கார் ரோபோஸ் தொடருக்காக அதையே கருப்பாக்கி, நீலப்பச்சை ஓரம் கொடுத்து, பிளாக் கன்வாய் என்று விட்டார்கள். 2001-இல் அமெரிக்காவில் ஸ்கர்ஜ். கதையிலும் அவன் ஆப்டிமஸின் இருண்ட நகல். நகல் என்பதே அவன் பிறப்புக் குறை, அதற்காகவே அவனுக்கு ஆப்டிமஸ் மேல் வன்மம். சிவப்பு முகப்புக்குப் பின்னால் கருப்பு டேங்கர் இழுபட்டுக்கொண்டு வந்த லேசர் பிரைமில் இரண்டும் ஒட்டாமல் நின்றன. முழுக் கருப்பு வந்ததும் லாரி தலை முதல் வால் வரை ஒரே மிருகமாகிவிட்டது. 2023-இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்தின் வில்லனும் அதே பெயரில், அதே போலக் கருப்பு லாரியாகத்தான் வந்தான். கருப்பு அடித்து வில்லனாக்குவது அனிச்சைச் செயலாகிவிட்டது என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். இது அந்த வழக்கத்தின் முன்னோடிகளில் ஒன்று, அதன் மிகச் சிறந்த விளைவும் இதுதான். ரீபெயிண்ட் வாங்குவதில்லை என்று சத்தியம் செய்தவர்களின் அலமாரியில் மூலம் இல்லாமல் இந்த நகல் மட்டும் நிற்பதைக் கண்டிருக்கிறேன். கேட்டால், "இது மட்டும் விதிவிலக்கு" என்கிறார்கள். பக்கத்திலேயே தண்டர்கிராக்கரும் நிற்கிறான், அவனும் விதிவிலக்கு, அல்ட்ரா மேக்னஸும் விதிவிலக்கு. அந்த அலமாரியில் விதிக்கு அடங்கிய ரீபெயிண்ட் எது என்று இன்னும் எனக்கு யாரும் காட்டவில்லை.